ஆர்கைல் டியூக்கின் பழைய கேலிச்சித்திரம்: வேலூர் வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா?

கொசப்பேட்டை வாசகி எழுதிய கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த என் அப்பா, சென்னை மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, அங்கிருந்த பழைய புத்தகக் கடை ஒன்றில் அதை வாங்கி வந்து, இங்கே பிரேம் போடும் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினார். செம்பட்டை முடியோடு நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பிரபுவை, பின்புலத்தில் எதுவும் இல்லாமல், சற்றே மிகைப்படுத்தி வரைந்த வண்ணப்படம் அது. படத்தின் கீழே ஆங்கிலத்தில், ‘ஆர்கைல் டியூக்கைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக’ என்று பொருள்படும் ஒரு வரி இருக்கிறது. ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் ‘வேனிட்டி ஃபேர்’ என்ற பெயரும் 1869 ஏப்ரல் 17 என்ற தேதியும் உள்ளன.

அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் படத்தைக் கழற்றியபோது, அதைப் பரணில் போட்டுவிடலாம் என்று தம்பி சொன்னான். அது மறுபடியும் அதே ஆணியில் தொங்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். சிறு வயதிலிருந்து பார்த்துவந்த அந்த மனிதர் யார் என்றே இதுவரை எனக்குத் தெரியவில்லை என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. இவர் யார், அந்த வரிக்கு என்ன பொருள், இது அந்தக் காலத்து அச்சுத்தானா அல்லது பிற்காலப் படியா, காகிதம் கெடாமல் மாட்டிவைக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். கண்ணாடிக்குள்ளே காகிதத்தில் தேயிலைக்கறை போன்ற புள்ளிகள் தோன்றியிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் பதில்

அம்மா, நீங்கள் கொடுத்திருக்கும் பெயரும் தேதியும் இவர் யார் என்பதை அறியப் போதுமானவை. இவர் எட்டாவது ஆர்கைல் டியூக், ஜார்ஜ் டக்ளஸ் கேம்பெல். 1823இல் பிறந்து 1900இல் இறந்தவர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இன்வெராரி கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்பெல் குலத்தின் தலைவர். இவருடைய மூத்த மகன் 1871இல் விக்டோரியா ராணியின் மகள் லூயிஸ் இளவரசியை மணந்தார். பறவைகள் பறக்கும் முறையை ஆராய்வதிலும் டார்வினின் கொள்கையை மறுத்து எழுதுவதிலும் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. ஆனால் நமக்கு முக்கியமானது இவர் வகித்த பதவி. 1868 டிசம்பர் முதல் 1874 பிப்ரவரி வரை, பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் இவர்தான் இந்தியா மந்திரி, அதாவது லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அமைச்சர். உங்கள் படம் வெளியான 1869 ஏப்ரலில் அந்தப் பதவிக்கு வந்து இவருக்கு நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

வேனிட்டி ஃபேர் என்பது தாமஸ் கிப்ஸன் பௌல்ஸ் என்பவர் 1868இல் லண்டனில் தொடங்கிய வார இதழ். 1869 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் அரசியல் தலைவர் டிஸ்ரேலியின் கேலிச்சித்திரத்தை வண்ணத்தில் வெளியிட்ட பிறகுதான் அது பெரும் பெயர் பெற்றது. அன்றிலிருந்து வாரந்தோறும் ஒரு பிரமுகர் அதில் இடம்பெற்றார். 1914 வரை இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. தொடக்ககாலப் படங்களை வரைந்தவர் இத்தாலியில் கபுவா நகரில் பிறந்த கார்லோ பெல்லெக்ரினி. முதலில் பிரெஞ்சு மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் ‘குரங்கு’ என்று பொருள்படும் சொல்லையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டவர் அவர். உங்கள் படமும் அவர் வரைந்ததே. ஒவ்வொரு படத்தோடும் அந்த மனிதரைப் பற்றிய ஒரு பக்கக் கட்டுரை ‘ஜெஹு ஜூனியர்’ என்ற புனைபெயரில் வெளியாகும். உங்கள் அப்பா வாங்கியபோது அந்தக் கட்டுரைத்தாள் ஏற்கெனவே பிரிந்துபோயிருக்கும். தனித்தனியாக விற்கும் வழக்கத்தில் பெரும்பாலும் அதுதான் முதலில் தொலைகிறது.

படத்தின் கீழே உள்ள வரிக்கு ஒரு கதை உண்டு. மரங்கள் இல்லாத திறந்த நிலத்தில் கால்நடைகள் முதுகைத் தேய்த்துக்கொள்வதற்காக ஆர்கைல் டியூக் ஒருவர் கம்பங்கள் நட்டுவைத்தார் என்றும், மாடு மேய்ப்பவர்களும் அதே கம்பத்தில் தங்கள் முதுகைத் தேய்த்துக்கொண்டு ‘டியூக்கைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக’ என்று வாழ்த்தினார்கள் என்றும் ஸ்காட்லாந்தில் வழிவழியாகச் சொல்வார்கள். உடம்பு அரிக்கும்போது சொல்லும் வழக்குச்சொல்லாகவே அது பிறகு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஒரு பேரரசின் மந்திரியாக இருந்தவரின் படத்துக்கு அரிப்பைக் குறிக்கும் அந்த வாழ்த்தைத் தலைப்பாக வைத்ததில்தான் இந்தக் கேலிச்சித்திரத்தின் கூர்மை இருக்கிறது.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஆவுரிஞ்சு கல் நினைவுக்கு வராமல் இருக்காது. மாடுகள் உரசிக்கொள்வதற்காகக் கல் நடுவதை முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாகவே நம் முன்னோர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆதீண்டு குற்றி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஸ்காட்லாந்தில் நகைச்சுவையாகிவிட்ட ஒரு செயல் இங்கே அறமாக எண்ணப்பட்டிருக்கிறது. ஓவிய ஆசிரியராக இருந்த உங்கள் அப்பாவுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் மிகவும் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இராணிப்பேட்டையில் புத்தகக் கட்டுமானத் தொழில் செய்பவரின் பதில்

நூலகர் ஐயா விவரங்களைச் சொல்லிவிட்டதால், நான் காகிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் அனுபவத்தில், நம் பக்கத்தில் இப்படிப்பட்ட பழைய தாள்களைப் பூச்சியைவிட அதிகமாகக் கெடுப்பது பிரேம் போடும் முறைதான். கடைகளில் சாமி படத்துக்குச் செய்வதைப்போலவே இதற்கும் செய்கிறார்கள்: தாளைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து, சின்ன ஆணிகள் அடித்து, சுற்றிலும் பழுப்புத் தாள் ஒட்டிவிடுகிறார்கள். சாமி படம் பழுதானால் புதிது வாங்கிக்கொள்ளலாம். 1869ஆம் ஆண்டுத் தாளுக்கு அப்படிச் செய்ய வழியில்லை. ஹார்ட்போர்டில் உள்ள அமிலம் ஆண்டுக்கணக்கில் தாளுக்குள் இறங்கி அதைப் பழுப்பாக்கி நொறுங்கும்படி செய்துவிடும். கண்ணாடியில் நேரடியாகப் பட்டுக்கொண்டிருக்கும் தாள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் தேயிலைக்கறைப் புள்ளிகளும் பெரும்பாலும் இந்த ஈரத்தால் வந்தவையே.

இது அந்தக் காலத்து அச்சா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை வாங்கி, முகமும் கோட்டும் இருக்கும் இடங்களை உற்றுப் பாருங்கள். அந்த இதழின் படங்கள் கல்லச்சில் அச்சானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். ஆகவே கையால் இட்டதுபோல ஒழுங்கில்லாத புள்ளிகளும், கிரேயான் தேய்த்ததுபோன்ற பொருபொருப்பும் தெரியும். இக்கால ஆஃப்செட் படியாக இருந்தால், நாளிதழ் படத்தில் தெரிவதுபோல வரிசை தவறாத நுண்புள்ளிகள் சிறு சிறு பூக்களைப்போல் கூடியிருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் தாளின்மேல் காட்டினால், வெண்மையூட்டி சேர்த்த இக்காலத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஆனால் நொடிப்பொழுதுக்கு மேல் காட்ட வேண்டாம். அளவையும் பாருங்கள். முழுத்தாள் சுமார் 15 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் இருக்கும். இடது ஓரத்தில் தையல் துளைகளோ கிழித்தெடுத்த தடமோ இருந்தால், ஆண்டுத் தொகுப்பாகக் கட்டிய புத்தகத்திலிருந்து பிரித்தது என்று கொள்ளலாம்.

மறுபடி பிரேம் போடும்போது ஓரங்களை வெட்டக் கூடாது. பிரேமுக்குப் பொருந்தவில்லை என்று கடைக்காரர் கால் அங்குலம் வெட்டிவிட்டாலும் தேதியும் பெயரும் போய்விடும். லேமினேட் செய்ய ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமிலமில்லாத அட்டையில் ஜன்னல்போல வெட்டி, அதற்குப் பின்னால் தாளை வைத்தால், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறிது இடைவெளி கிடைக்கும். ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சிறு கீல்கள் செய்து, கோதுமை மாவுச்சத்துப் பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். எங்கள் தொழிலில் மைதாப் பசையில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலப்போம். பூச்சி வராது என்பதற்காக அப்படிச் செய்வது வழக்கம். கணக்குப் புத்தகத்துக்கு அது போதும், ஆனால் தாமிரம் காகிதத்தை உள்ளுக்குள் அரிப்பதால் இந்தப் படத்துக்கு அது கூடவே கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பிரேமுக்குள் எதையாவது தூவவும் வேண்டாம். பழையபடி வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் வைத்தால் போதும்.

சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் முழுவதும் வற்றும்வரை மாட்டாதீர்கள். மேற்கு வெயில் படும் சுவர் என்றால் எப்போதுமே மாட்டாதீர்கள். நம் ஊர்க் கத்திரி வெயில் ஒரு கோடையிலேயே சிவப்பு நிறத்தை வெளுக்கவைத்துவிடும். பிரேமின் நான்கு பின்மூலைகளிலும் கார்க்குத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையே காற்று போகும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

வேலப்பாடி வாசகர் ஒருவரின் பதில்

சகோதரி, உங்கள் அப்பாவின் நினைவை மதித்தே இதை எழுதுகிறேன். என் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலிருந்து கோட்டை எவ்வளவு தூரம் இருக்கும்? 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் அந்தக் கோட்டைக்குள் நம் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்ற ஆணைதான் அவர்களை எழவைத்தது. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்று காலையிலேயே கோட்டையை மீட்டு, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. இந்த டியூக் அப்போது பிறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 1858இல் உருவான இந்தியா மந்திரி பதவிக்கு உரிய சம்பளம் இந்திய வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. வடஆற்காட்டு உழவர் கட்டிய நிலவரியிலும் ஒரு பங்கு அதில் சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவரின் படத்தை, அவர் யார் என்று தெரியாமல் வைத்திருந்தது வேறு. தெரிந்த பிறகும் கூடத்தில் வைப்பது வேறு. அலமாரியில் பாதுகாத்து வையுங்கள், அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற இடம் அவருக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

காட்பாடி நூலகரின் மறுபதில்

வேலப்பாடி அன்பர் சொன்ன சம்பள விவரம் சரியானது. அதை நான் என் பதிலில் எழுதியிருக்க வேண்டும். அவருடைய வருத்தத்தையும் நான் சிறிதாகக் கருதவில்லை. ஆயினும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கம்பீரமான உருவப்படத்துக்கும் கேலிச்சித்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது என்று கருதுகிறேன். உருவப்படம், பார்க்கிறவரைப் பணியச் சொல்கிறது. கேலிச்சித்திரமோ அதிகாரத்தில் இருப்பவரைப் பணிவில்லாமல் பார்க்கப் பழக்குகிறது. மந்திரியாக இருந்தவரை அவர் நாட்டுப் பத்திரிகையே, அவர் பதவியில் இருக்கும்போதே, அரிப்புக் கதையோடு சேர்த்து வெளியிட்டது என்பதற்கு இந்தத் தாள் சாட்சி. அதைப் பார்த்துப் பார்த்துக் கோடு இழுக்கக் கற்ற ஓர் ஓவிய ஆசிரியர் அதைப் போற்றியதில் அடிமை மனப்பான்மை எதையும் நான் காணவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த டியூக்கின் ஆட்சியால் வருந்தியவர்கள் நம் நாட்டில் மட்டும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் டைரீ (Tiree) தீவு இவருடைய சொத்து. அங்கே சிறுகுடியானவர்கள் நிலம் கேட்டு 1886இல் கிளர்ந்தபோது, அவர்களை அடக்கக் கடற்படை வீரர்களைக் கப்பலில் அனுப்பினார்கள். அதற்கு முன்னரே, 1881இல், அயர்லாந்துக் குடியானவர்களுக்கு உரிமை தரும் நிலச்சட்டத்தை ஏற்க மாட்டாமல் இவர் அமைச்சரவையிலிருந்து விலகியிருந்தார். இதில் சென்னை மாகாணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தப் படம் அச்சான 1869இல் சென்னை ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு. அவரும் ஸ்காட்லாந்துப் பிரபுதான். கூவம் முகத்துவாரத்தருகே உள்ள நேப்பியர் பாலம் அதே ஆண்டில் அவர் காலத்தில் கட்டப்பட்டது. அந்த நேப்பியர்தான் பிற்காலத்தில் தம் நாட்டுக்குத் திரும்பி, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியானவர்களின் குறைகளை விசாரிக்க 1883இல் அமைந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1886ஆம் ஆண்டுக் குடியானவர் சட்டத்துக்கு அந்த விசாரணை வழிவகுத்தது. ஆக, இருவருமே ஸ்காட்லாந்துப் பிரபுக்கள், இருவருமே நம்மை ஆண்டவர்கள். ஆனால் நிலம் யாருக்கு என்ற கேள்வியில் ஒருவர் குடியானவர் குறையைக் கேட்கப் போனார், மற்றவர் சொத்துக்காரர் பக்கமே நின்றார்.

ஆகவே அம்மா, மாட்டுவதானால் பெயரில்லாமல் மாட்டாதீர்கள். படத்துக்குக் கீழே தமிழில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். அவர் இந்தியா மந்திரியாக இருந்ததும், சம்பளம் எங்கிருந்து போனது என்பதும், அந்த வாழ்த்தின் கதையும் அதில் இருக்கட்டும்.

கொசப்பேட்டை வாசகியின் பதில்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை தம்பியும் நானும் பிரேமை மெதுவாகப் பிரித்தோம். லென்ஸில் பார்த்தபோது புள்ளிகள் ஒழுங்கில்லாமல், சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்ததுபோலவே தெரிந்தன. ஊதா விளக்கில் தாள் ஒளிரவில்லை. இடது ஓரத்தில் மூன்று தையல் துளைகள் இருக்கின்றன. ஹார்ட்போர்டில் படத்தின் அளவுக்கே பழுப்பு நிழல் விழுந்திருந்ததைப் பார்த்ததும் உங்கள் எச்சரிக்கையின் காரணம் விளங்கிற்று.

வேலப்பாடி சகோதரர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘அந்தச் சம்பள விஷயத்தையும் எழுதியே மாட்டு, உங்கள் அப்பாவும் மறைக்கச் சொல்லமாட்டார்’ என்றார். எனவே, அசல் தாளை அமிலமில்லாத உறையில் வைத்து அலமாரியில் படுக்கையாகவே வைத்துவிட்டு, அதை நல்ல முறையில் ஸ்கேன் செய்து எடுத்த படியைக் கூடத்தில், கிழக்குச் சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஓவியர் 1889இலேயே இறந்துவிட்டதால் படி எடுப்பதில் உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை என்று தம்பி சொன்னான். குறிப்பைத் தமிழில் நானே எழுதி வருகிறேன். ஆவுரிஞ்சு கல்லையும் அதில் சேர்க்கப்போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. தாளின் நான்கு மூலைகளிலும் பின்புறம் கெட்டியான பசை காய்ந்துபோயிருக்கிறது. இரண்டு மூலைகளில் அது பச்சை கலந்த நிறமாக இருக்கிறது. அதை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாமா?

இராணிப்பேட்டை புத்தகக் கட்டுநரின் பதில்

ஈரத்துணி வேண்டாம், அம்மா. பச்சை நிறம் மயில்துத்தமாகவே இருக்கும். நனைத்தால் அது கரைந்து தாளின் நடுப்பகுதி நோக்கிப் பரவிவிடும். நிறங்களும் கசியக்கூடும். மூலைகளை மடக்கிப் பார்க்காமலும் பசையை நகத்தால் சுரண்டாமலும், இப்போது இருக்கிறபடியே இரண்டு அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவே வைத்து விடுங்கள். அந்தப் பசையைக் காய்ந்த நிலையிலேயே சிறு கத்தியால் இழை இழையாகச் சீவி எடுக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு மூலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது காற்றில் ஈரம் அதிகம், தாளும் தளர்ந்திருக்கும். கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் எடுத்து வாருங்கள், உங்கள் முன்னிலையிலேயே செய்து தருகிறேன்.